அரை நாளில் நெடுந்தீவு

என் மகள் பட்டம் பெற்று வீட்டில் இருந்த காலத்தில், "பிள்ளை என்ன செய்யிறா?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் "நியமனத்துக்குக் காத்திருக்கிறா" என்று சொல்லி வந்தேன். யாழ்ப்பாணத்தில் இதுவும் ஓர் உத்தியோகம். சம்பளம் இல்லை என்பதைத் தவிர மற்ற எல்லா மரியாதையும் அதற்கு உண்டு. கலியாணப் பேச்சில்கூட அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரியை ஒரு படி மேலே வைத்துத்தான் கதைப்பார்கள். அப்படிப்பட்ட நல்ல நிலையில் இருந்தவள், ஒருநாள் காலை இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, சுற்றுலா வழிகாட்டியாகப் போகப்போவதாகச் சொன்னாள்.

"வெயிலுக்கை ஊர் சுத்துறதுக்கே உன்னைப் படிப்பிச்சனாங்கள்?" என்றாள் மனைவி.

"ஓம் அம்மா. அதுக்குச் சம்பளமும் தருவினமாம்."

சுவிஸில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தீவுகளுக்குக் கூட்டிப்போகும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். சுவிஸிலிருந்து வேறு என்ன கொண்டுவந்தாரோ தெரியாது, நேரத்தைக் கொண்டுவந்திருந்தார். வேலைக்கு அவர் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்று. ஒரு சனிக்கிழமை அவள் ஒரு குழுவை நெடுந்தீவுக்குக் கூட்டிப் போகவேண்டும். அவரும் பின்னால் இருந்து பார்ப்பார். பிற்பகல் கடைசிப் படகில் எல்லாரையும் ஏற்றிவிட்டால் வேலை. படகைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போகலாம், அதாவது அடுத்த நாள்.

நெடுந்தீவு கடலுக்கு அப்பால் இருக்கிறது. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். அது சோழகக் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதம். அன்றிரவு முதல் எனக்கு நித்திரை இல்லை. கடைசியில், நானும் ஒரு சுற்றுலாப் பயணியாக வருகிறேன் என்றேன். மகள் நிபந்தனை போட்டாள்.

"வாறதெண்டால் வாங்கோ. ஆனால் என்னைத் தெரியாத மாதிரி இருக்கோணும். முதலாளிக்குத் தெரியக்கூடாது. ஆக்களுக்கு முன்னாலை 'சாப்பிட்டியோ' எண்டு கேக்கக்கூடாது."

ஒத்துக்கொண்டேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் தலைமுறைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எங்கே போவதென்றாலும், போகிற இடத்தில் ஓர் ஆளுக்குச் சொல்லி வைப்போம். சண்டை நடந்த காலத்தில் அது பழக்கமல்ல, முன்னேற்பாடு. ஒருவன் வந்து சேராவிட்டால், வந்து சேரவில்லை என்று தெரிந்த ஒருவராவது உலகத்தில் இருக்கவேண்டும் அல்லவா? சண்டை முடிந்துவிட்டது. சாவகச்சேரிச் சந்தைக்குப் பலாப்பழம் வாங்கப் போனாலும் நான் அங்கே ஒருவருக்கு அறிவித்துவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறேன்.

நெடுந்தீவில் என் மனைவியின் சின்னம்மாவின் மகள் இருக்கிறாள். எனக்கு மச்சாள். அவளுக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை சனிக்கிழமை ஆக்களைக் கூட்டிக்கொண்டு அங்காலை வாறாள். ஒரு கண் வைச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னேன். "ஓம் அத்தான், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றாள் மச்சாள். யோசிக்காமல் இருந்தேன்.

சனிக்கிழமை காலை, குறிகட்டுவானில், ஓலைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, என் மகளை எனக்குத் தெரியாது என்ற முகத்துடன் நின்றேன். குழுவில் ஒரு வெள்ளைக்காரச் சோடி இருந்தது. அவர்கள் எதைப் பார்த்தாலும் சிரித்தார்கள். கனடாவிலிருந்து வந்த கணவன் மனைவி இருந்தார்கள். அவர்கள் எதைப் பார்த்தாலும் பெருமூச்சு விட்டார்கள். பிறகு முதலாளி, மணிக்கூட்டுடன். பிறகு நான்.

மகள் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டாள். என் முறை வந்ததும் பட்டியை மூச்சுமுட்ட இறுக்கி, "வசதியாக இருக்கா, ஐயா?" என்றாள். பெற்ற பிள்ளை என்னை ஐயா என்று அழைத்தது அன்றுதான். படகு நடுக்கடலில் எழும்பி விழுந்தபோது நான் எல்லாக் கடவுளரையும் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளையார் தொடங்கி, குருநகர்க் கடற்கரைக் கோயில்களில் இருக்கும் அந்தோனியார் வரை. எழுந்து போய் மகளின் கையைப் பிடிக்க முடியாது. அவளை எனக்குத் தெரியாதே. அவளோ ஒரு கையால் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரருக்கு எதையோ விளக்கிச் சிரிக்கவைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

தீவில் ஒரு சிறிய லொறிக்குப் பின்னால் இருப்பதற்கு வாங்கு போட்டு எங்களை ஏற்றினார்கள். கனடாக்காரர் ஏறியவுடன் வழக்கமான விசாரணையைத் தொடங்கினார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"இண்டைக்கு நெடுந்தீவு, ஐயா."

"அதில்லை. சொந்த ஊர்? ஆற்றை பிள்ளை? அப்பா ஆர்?"

பதில் அவருக்கு எதிரே தொப்பியுடன் உட்கார்ந்திருந்தது.

"இடப்பக்கம் பாருங்கோ, குதிரை!" என்றாள் மகள்.

நெடுந்தீவுக் குதிரைகள் உலகப் பிரசித்தம். போர்த்துக்கேயர் விட்டுப்போனதாகவும் ஒல்லாந்தர் வளர்த்ததாகவும் சொல்வார்கள். நாங்கள் இறங்கியதும் அவை ஒன்றாகத் திரும்பிப் பின்புறத்தைக் காட்டின. வெள்ளைக்காரர் அதையும் படம் எடுத்தனர். கனடா அம்மா, "முந்தி எங்கடை காலத்திலை குதிரையள் நல்லா நிண்டது" என்றார். முன்பு அவர் நெடுந்தீவுக்கு வந்ததே இல்லை என்பது படகிலேயே தெரிந்திருந்தது. வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்குத் தாங்கள் பார்க்காத இடங்களும் நினைவில் இருக்கும்.

பிறகு கடல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள். பிறகு பெருக்க மரம். அதன் அடிமரத்துப் பொந்துக்குள் மனிதர் புகுந்து நிற்கலாம். எல்லாரும் புகுந்து நின்றார்கள். பாம்பு கிடக்கும் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். பிறகு வளரும் கல். அது ஆண்டுதோறும் கொஞ்சம் வளர்வதாக நம்பிக்கை.

"கண்டறியாத கல்லு. ஒரு அடிமட்டம் வைச்சு ஆரும் அளந்து பார்த்தவையோ?" என்றார் கனடாக்காரர்.

"அளந்தால் நிண்டிடும் எண்டு விட்டிருக்கினம், ஐயா."

இந்த இடத்தில், அவளுக்கு உதவவேண்டும் என்று வீட்டில் மூன்று நாள் யோசித்துத் தயாரித்த கேள்வியை எடுத்துவிட்டேன். "ஒல்லாந்தர் இந்தத் தீவைத் தெரிவு செய்ததற்குப் பொருளாதாரக் காரணம் ஏதும் உண்டா?" என்று செந்தமிழில் கேட்டேன். அவள் நன்றாகப் படித்து வைத்திருந்த பகுதி அது. "நல்ல கேள்வி, ஐயா. ஆனால் அதுக்குக் கோட்டையடியிலைதான் மறுமொழி இருக்கு. இப்ப ஏறுங்கோ" என்றாள். முதலாளி மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குமேல் நான் உதவவில்லை.

கோட்டை இடிபாடு, புறாக்கூடு, எல்லாம் நேரத்துக்கு முடிந்தன. கடைசியாகப் பாறையில் பதிந்த பெரிய பாதம். இதிகாச வீரன் ஒருவனின் காலடி என்பார்கள். கனடாக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவ்வளவு பெரிய ஆள் ஒரு காலோடையே நிண்டவர்? மற்ற அடி எங்கை?"

"மற்ற அடி கனடாவிலை, ஐயா."

வேலை போயிற்று என்று நினைத்தேன். ஒரு கணம் கழித்து அவருடைய மனைவி வெடித்துச் சிரித்தார். "நல்லாச் சொன்னாய் பிள்ளை! இவருக்கு ஒரு கால் அங்கை, ஒரு கால் இஞ்சை. ரெண்டிடத்திலையும் குளிருது எண்டுவார்!" முதலாளிகூடப் பல் தெரியச் சிரித்தார். மணிக்கூட்டையும் பார்த்தார். நேரம் இருந்தது. இனித் துறைக்குப் போவது மட்டுந்தான் பாக்கி.

துறைக்குப் போகும் ஒழுங்கையின் நடுவில், இரண்டு கைகளையும் விரித்தபடி, என் மச்சாள் நின்றாள்.

லொறி நின்றது. மச்சாள் பின்பக்கம் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அத்தானும் வந்திருக்கிறியளோ! என்ன கோலம் இது, தொப்பியும் கண்ணாடியும்? நான் ஆரோ பொலிஸ்காரன் எண்டு நினைச்சன். இறங்குங்கோ, எல்லாரும் இறங்குங்கோ. எல்லாருக்கும் இலை போட்டாச்சு!"

முதலாளி முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் மூக்கு ஒரே அச்சு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வேலிக்கு அப்பால் வீட்டு விறாந்தை தெரிந்தது. பாய் விரித்து, வாழையிலை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சேவல் அடித்திருந்தார்கள். நண்டுக் கறியின் மணம் ஒழுங்கைக்கு வந்துவிட்டது. ஒரு கண் வைக்கச் சொன்னதற்கு அவள் உலையே வைத்திருந்தாள். சமைத்துவிட்டு வாசலில் நிற்கிறவளைத் தாண்டி, கை நனைக்காமல் போவது எங்கள் ஆட்களால் முடியாத காரியம். மனைவியின் குடும்பத்தில் ஒருவர் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டில் சாப்பிடாமல் எழும்பிப் போனதற்கு, இரண்டு தலைமுறை ஒருவர் செத்தவீட்டுக்கு ஒருவர் போகவில்லை.

கனடா அம்மா ஏற்கெனவே ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். "நண்டு போலை கிடக்கு" என்றார் கணவரிடம்.

"சாப்பிட்டிட்டு அடுத்த போட்டிலை போவமே, பிள்ளை" என்றார் அவர்.

"அடுத்த போட் நாளைக்கு, ஐயா."

"சும்மா ஒரு பிடி சோறு. எவ்வளவு நேரம் செல்லும்?" என்றாள் மச்சாள். எவ்வளவு நேரம் செல்லும் என்று எனக்குத் தெரியும். சோறு, கறி, மறுசோறு, தயிர், வாழைப்பழம், தேத்தண்ணி, பிறகு அல்பம். முதலாளி மணிக்கூட்டை எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிக் கட்டினார். நான் வாயைத் திறந்தேன். "இல்லை மச்சாள், பரவாயில்லை" என்று தொடங்கினேன். மச்சாளின் முகம் சுருங்கியது. "அப்ப ஒரு வாய் மட்டும்" என்று முடித்தேன். நாற்பது வருடப் படிப்பும் உத்தியோகமும் எனக்குக் கற்றுத்தந்த துணிவு அவ்வளவுதான்.

மகள் லொறியிலிருந்து குதித்தாள். மச்சாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சின்னம்மா, நீங்கள் சமைச்சதை ஒருத்தரும் சாப்பிடாமல் போறதோ? அதுக்குத்தானே அப்பாவைக் கொண்டுவந்தனான். இந்த ஆக்களுக்குப் போட் இருக்கு. அப்பாவுக்கு அவசரமில்லை. எல்லாற்றை பங்கையும் அவருக்குப் போடுங்கோ." பிறகு என்னைப் பார்த்து, எந்தச் சலனமும் இல்லாமல், "அப்பா, இறங்குங்கோ" என்றாள்.

"பிள்ளை, கடல் காத்து..."

"இறங்குங்கோ."

இறங்கினேன். கனடா அம்மா காலை மேலே எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. லொறி கிளம்பியது. வெள்ளைக்காரர் எனக்குக் கை காட்டினார்கள். இதுவும் சுற்றுலாவில் ஓர் அம்சம், ஒவ்வொரு பயணத்திலும் ஒருவரைத் தீவில் விட்டுப் போவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மச்சாள் என் முன்னால் இலையைத் தள்ளினாள். சேவல் கால் வந்தது. நண்டு வந்தது. மறுக்க முடியாது, குழுவின் பிரதிநிதி நான். தின்றுகொண்டிருக்கும்போதே துறையில் படகு இயந்திரம் உறுமுவது கேட்டது. எழுந்து பார்க்கப் போனேன். "இருங்கோ அத்தான், தயிர் விடேல்லை" என்று தோளைப் பிடித்து இருத்தினாள். என் ஒரே பிள்ளை காற்றடிக்கும் கடலில் போகிறாள், நான் தயிரும் சோறும் குழைத்துக்கொண்டிருக்கிறேன். படகின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு கேட்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மச்சாள் அல்பம் காட்டினாள். அதில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொழுது சாயும் நேரம் தொலைபேசி வந்தது.

"அப்பா, வந்து சேர்ந்திட்டம். திங்கட்கிழமையிலை இருந்து வேலைக்கு வரச்சொன்னவர்."

"அந்தாள் ஒண்டும் கேக்கேல்லையே?" என்றேன்.

"கேட்டவர். காசு கட்டின பயணியை விட்டிட்டு வரலாமோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"அவர் பயணி இல்லை, தாமதம். தாமதத்தை இறக்கிவிட்டிட்டு வந்தனான் எண்டன்."

பின்னால் கனடா அம்மாவின் சிரிப்புக் கேட்டது. மறுநாள் முதற் படகில் திரும்பினேன். ஒரு வாளி நண்டுடன்.

இப்போது அவளுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பயணம். எந்தத் தீவு என்று வீட்டில் சொல்வதில்லை. கேட்டால், "சொன்னால் அங்கை உலை வைச்சிடுவினம்" என்கிறாள். நானும் மனைவியும் அவள் எடுத்துப்போகும் பையையும் செருப்பையும் பார்த்து ஊகிக்கிறோம். நயினாதீவு என்றால் பரவாயில்லை, மனைவியின் மாமா ஒருவர் இருக்கிறார். எழுவைதீவில் என்னோடு படித்தவர் ஒருவர். போன சனிக்கிழமை, அயலில் ஒருவர் சொல்லித்தான், அவள் அனலைதீவுக்குப் போயிருப்பது தெரிந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அனலைதீவிலை எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றாள்.

இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. அன்று மத்தியானம் எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.