நல்லையா மாமாவும் நானூறு சீசீ எருமையும்

அப்புத்தளைக்கு ரயில் வருவதே நல்லையாவின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டுப் போகத்தான். பார்த்ததும் அதற்கு வெட்கம் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் பக்கத்துப் பாதையில் இத்தனை சுரங்கம். இதை எழுதுகிறவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியில் பாதியை நம்பலாம் என்பது இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு அவன் வாங்கிய ‘டபிள்யூ’வை, அதாவது பெயிலை, நினைத்தால் அந்தக் கணக்கும் சந்தேகம்தான்.

இதோ, இப்போதும் லயத்து வரிசைவீடுகளின் வாசலில் அந்த வண்டிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார் நல்லையா. எஞ்சின் ஓடவில்லை. ஒரு கையில் பிளேன்டீ, மறு உள்ளங்கையில் சீனி. சீனியை ஒரு நக்கு, தேத்தண்ணியை ஒரு மடக்கு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இடுப்பை இடப்பக்கம் ஒரு ஆட்டு, வலப்பக்கம் ஒரு ஆட்டு. அப்புறம் ஒரு பெருமூச்சு.

“ம்ஹும். இன்னும் கொஞ்சம் ஸ்பொஞ்சு வைக்கணும்.”

டவுனில் சலூனைத் திறக்கப் போவதற்கு முன்னால் தினமும் இந்தப் பூசை உண்டு. வண்டி நானூறு சீசீ. ஜப்பானில் யாரோ ஆறடி ஆளை மனதில் வைத்துச் செய்தது. படுத்துக் கிடக்கிற எருமை மாதிரி நீளம், அகலம், மினுமினுப்பு. நல்லையாவைக் கொழுந்துக் கூடைக்குள் உட்கார வைத்தால் கூடையில் இடம் மிஞ்சும். வண்டியை நிறுத்தினால் அவருடைய ஒரு கால்தான் தரையைத் தொடும். இன்னொன்று அந்தரத்தில் அதிகாரம் இல்லாமல் தொங்கும். யாராவது சிரித்தால் அவரே முந்திக்கொள்வார்.

“நானா இத ஓட்டுறேன்? அது பாட்டுக்குப் போகுது. நான் தொணைக்குப் போறேன்.”

வண்டி வந்த கதையும் பெரிய வீரக் கதை ஒன்றுமில்லை. பண்டாரவளையில் ஒரு வயசான முதலாளிக்கு வீட்டுக்கே போய் சேவிங் செய்வது நல்லையாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. முதலாளியின் மகன் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. மகன் கனடாவுக்குப் போனதும் கோழிகளின் கைக்குப் போனது. “நல்லையா, சீட்டு மேல முட்ட போடுதுங்கப்பா. இத எங்கயாச்சும் கொண்டு போயிரு” என்றார் முதலாளி ஒரு நாள், அரைக் கன்னம் நுரையோடு. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியபோது புகைக்கு முன்னால் இறகு வந்தது. (இதைப் பாதியாக்கிக்கொள்ளவும்.)

அன்று தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. மற்ற இடங்களில் பெரிய பைக் வைத்திருப்பவர்கள் வேகத்துக்கும் சத்தத்துக்கும் சாமான் போடுவார்கள். நல்லையா போடுவதெல்லாம் சொகுசுக்கு. குனிந்து ஓட்டினால் முதுகு வலிக்கிறது என்று ஹேண்டிலை உயர்த்தினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உயர்த்தி, கடைசியில் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டது. ஆடி மாதம் கதிர்காமத்துக்குப் போகிற பஸ் ஒன்று எதிரே வந்தபோது, அதில் இருந்த சனம் முழுக்க இவரைப் பார்த்து “அரோகரா!” என்று கும்பிட்டது. இவரும் விடவில்லை, “அரோகரா!” என்றார். மறுநாள் ஹேண்டில் ஒரு சாண் இறங்கியது.

சலூனில் உடைந்துபோன பழைய நாற்காலியிலிருந்து சாய்மெத்தையைக் கழற்றி வண்டியின் பின்சீட்டில் பொருத்தினார். அதைப் பின்னால் பொருத்தியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வலப்பக்கத்தில் பொருத்தினார். யாரோ வீசிவிட்டுப்போன தையல் மெஷினின் மிதிபலகையைக் கொண்டுவந்து கால் வைக்க ஒரு தட்டும் செய்தார்; அது இடப்பக்கம் மட்டும். தோட்டமே சிரித்தது. இதை எழுதுகிறவன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். சாய்மெத்தையில் ‘கட்டிங், சேவிங் செய்யப்படும்’ என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டான். தேசிக்காயும் மிளகாயும் கோர்த்து முன் லைட்டில் கட்டினான். நல்லையா அட்டையைக் கழற்றினார். தேசிக்காயை வீட்டுக்குள் கொடுத்து ஊறுகாய் போடச் சொன்னார்.

“என்ன மாமா, சாயுறத சைடுல வச்சிருக்கீங்க? நண்டு ஓட்டுற பைக்கா?”

“எனக்கு இடுப்பு வலிடா தம்பி. ஒனக்குப் புரியாது.”

புரியவில்லைதான். பண்டாரவளைக்கு இவரோடு ஒரு தரம் போன பிறகுதான் புரிந்தது. அங்கே ஓட்டோக்களுக்குக் குஷன் அடிக்கும் ஷாமில் நானாவின் கடையில் நல்லையா ஒரு புது ஹெல்மெட்டைக் கொடுத்து, பின்பக்கத்து உள் ஸ்பொஞ்சைக் குடைந்து எடுக்கச் சொன்னார். ஒரு பெரிய எலுமிச்சை அளவுக்குக் குழி வேண்டும் என்று விரலைக் குவித்துக் காட்டினார். ஷாமில் நானா ஹெல்மெட்டையும் நல்லையாவின் பளபளத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லையா அண்ணன், ஒங்கட தலையில ஒரு முடி ஈக்கா? இந்தக் குழிக்குள்ள என்னத்த வைக்கப் போறீங்க?”

“காத்து” என்றார் நல்லையா.

காற்று இல்லை, கொண்டை. மாரியாயியின் கொண்டை. சேலை கட்டினவள் ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள். அவள் முதுகு சாய வலப்பக்கம் மெத்தை வேண்டும், கால் வைக்க இடப்பக்கம் தட்டு வேண்டும். முழு வண்டியும் வந்து உட்காராத ஒருத்தியின் அளவுக்குத் தைத்த சட்டை. மாரியாயி, நல்லையாவின் மனைவி. காலமெல்லாம் மலைச்சரிவில் குனிந்து கொழுந்து பறித்ததில் அவள் இடுப்பு போய்விட்டது. இன்னும் பறிக்கிறாள். பஸ்ஸில் நிற்க முடியாது. ஓட்டோவில் ஒரு தரம் கொஸ்லந்தைக்குப் போய் வந்து, பாயைவிட்டு எழும்பாமல் கிடந்தாள். கொஸ்லந்தையில்தான் அவர்களுடைய ஒரே மகள் யசோதினியைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த நேரத்திலிருந்துதான் நல்லையாவுக்கு இந்த ‘இடுப்பு வலி’.

வண்டி தயார். ஆளை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தில்தான் மனிதர் கோட்டை விட்டார்.

அப்புத்தளையின் மூடுபனியில் எதிரே வருகிற யானைகூடத் தெரியாது. வண்டியின் சொந்த ஹோர்ன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துகிறது என்று, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லொறி ஹோர்னை எடுத்துப் பூட்டியிருந்தார். ஒரு நாள் காலையில், தேநீர் இடைவேளைக்கும் முன்னால், மாரியாயி நிற்கிற மலைக்குக் கீழே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, அவளைக் கூப்பிடுவதற்காக அந்த ஹோர்னை அழுத்தினார். நீளமாக, ஆசையாக.

கொழுந்து லொறி வந்து அந்த வளைவில் ஹோர்ன் அடித்தால் நிறுவைக்கு இறங்க வேண்டும். சின்ன வயசிலிருந்து காலுக்குப் பழகின பழக்கம், மூளையைக் கேட்காது. மேல்மலையும் கீழ்மலையும் ஒன்றாக இறங்கின. முதுகில் கால்வாசி நிறைந்த கூடைகளோடு, “என்னடி இன்னைக்கு வெள்ளனவே வந்துட்டான்!” என்று திட்டிக்கொண்டே பெண்கள் பனிக்குள்ளிருந்து வந்து சேர்ந்தால், லொறி இல்லை. சிம்மாசனத்தில் நல்லையா. ஹெல்மெட் ஒன்று தலையில், இன்னொன்று மடியில்.

கணக்கப்பிள்ளை பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார். “யாருய்யா நிறுவைக்கு ஊதுனது? தோட்டத்த நீயா நடத்துற?”

எல்லோருக்கும் கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள் மாரியாயி. அவளுக்குப் பக்கத்து நிரையில் பறிக்கிற இராக்கம்மா சும்மா இருக்கிற வாய் இல்லை.

“வாடி மாரி! ஒன்னைய நிறுக்கத்தான் லொறி வந்திருக்கு. ஏறு, ஏறு. எத்தன கிலோன்னு பாத்துருவோம்!”

அத்தனை பேரும் சிரித்தார்கள். மாரியாயி சிரிக்கவில்லை. திரும்பி, வந்த வழியே மலை ஏறினாள். அன்று சாயந்தரம் லயத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: “அந்த எரும மேல நான் ஏறுனா, எனக்கு மாரியாயின்னு பேரு இல்ல.”

அதற்குப் பிறகு யசோதினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கிற நாளுக்குக் கூப்பிட்டார்கள். “நீங்க போயிட்டு வாங்க. என் இடுப்பு என்னைய விடாது” என்று சொல்லிவிட்டாள் மாரியாயி. ஆனால் பிள்ளைக்கு என்று வாங்கின பவுடர் டப்பாவைத் தினமும் எடுத்துத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். சுவர் மெல்லிசு, பக்கத்துக் காம்பராவில் இருக்கிற இதை எழுதுகிறவனுக்கு டப்பா திறக்கிற சத்தம்கூடக் கேட்கும்.

நல்லையாவுக்கும் கேட்டிருக்கும். அவர் அந்த லொறி ஹோர்னைக் கழற்றிக் கொண்டுபோய் இரும்புக் கடையிலேயே போட்டுவிட்டு வந்தார். ஆட்டுக்குட்டி ஹோர்னைத் தேடினால், அதை எங்கே வைத்தோம் என்று மறந்துபோயிற்று. ஆகவே சில நாட்கள் வளைவுகளில் வாயாலேயே ஊதினார். “பாம்! பாம்! வாறேன், வாறேன், வழி வழி!” எதிரே வந்த பஸ் ட்ரைவர்கள் பேய் என்று பிரேக் போட்டார்கள். சலூனில் வாடிக்கைக்காரர்களிடம் பேசக் குரல் இல்லை. ஒரு அந்தியில் அவர் வந்து இறங்கியதும், மாரியாயி முகத்தைப் பார்க்காமல் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணியை வாசலில் வைத்தாள்.

“இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு கொஸ்லந்தை வளைவெல்லாம் எப்பிடி ஓட்டுவீங்க?”

“நீ பின்னால ஒக்காந்து திட்டிக்கிட்டே வா. அது போதும் ஹோர்னுக்கு.”

அவள் வரேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நல்லையா விடிந்ததும் போய்ப் புது ஹோர்ன் ஒன்று வாங்கிப் பூட்டினார். நடுத்தரமான, மனிதத் தன்மையுள்ள ஹோர்ன்.

இதை எழுதுகிறவன் சும்மா இருக்கவில்லை. மாரியாயி அத்தை ஏறவே மாட்டாள், ஏறினாலும் அடுத்த வளைவில் இறங்கி நடந்து வருவாள் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தான். பேர் வைக்கிற நாள் காலையில் வேடிக்கை பார்க்க ஒரு லயமே வாசலில் நின்றது.

விடிகாலையிலேயே பிடித்த மழை, பலமாகப் பெய்து ஓய்ந்து, இப்போது தூறிக்கொண்டிருந்தது. நல்லையா புதுச் சட்டைக்குள் மூச்சுவிடாமல் நின்றார். மாரியாயி வெளியே வந்தாள். கத்தரிப்பூ நிறச் சேலை, கையில் பை. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“மழையில சீட்டு ஊறிக் கெடக்கும். ஈரத்துல ஒக்காந்தா எனக்கு இடுப்பு புடிச்சுக்கும். நீங்க போயிட்டு வாங்க.”

நல்லையாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. காலையிலிருந்து அவர் தன்னைச் சேவிங் செய்துகொள்வதிலும் சட்டைக்குப் பெட்டி போடுவதிலும் இருந்துவிட்டார். வண்டியை மூட மறந்தே போயிருந்தது. ஸ்பொஞ்சு தண்ணீர் குடித்தால் காய ஒரு வாரம் ஆகும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். லயத்தின் மூலைக்கு அந்தப் பக்கம் இரவு நிறுத்தியிருந்த வண்டியிடம் ஓடினார். சனமும் பின்னால் ஓடியது.

பின்சீட்டின் மேல் ஏதோ கறுப்பாகச் சுற்றி, கயிறு போட்டு, சாய்மெத்தையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது.

“அடப்பாவி!” என்றார் நல்லையா, கட்டைத் தொடாமலே. “இன்னைக்குமாடா ஒனக்கு வெளையாட்டு? உள்ளுக்க என்னத்த வச்சிருக்க? தவளையா?”

“நான் இல்ல மாமா! நான் அந்தப் பக்கமே போகல!” என்றான் இதை எழுதுகிறவன்.

நல்லையா கயிற்றை அவிழ்த்தார். ஒரு மழைக்கோட்டு. அதற்குள்ளே றெக்சின் சீட்டு, சொட்டு ஈரம் இல்லாமல். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புறங்கையையும் வைத்துப் பார்த்தார். பிறகு விலகி நின்று, பின்னாலேயே வந்துவிட்ட மாரியாயிக்கு வழிவிட்டார்.

அவளும் தொட்டுப் பார்த்தாள். பையை அவரிடம் கொடுத்தாள். ஹெல்மெட்டை வாங்கிப் போட்டாள். கொண்டை போய்க் குழியில் உட்கார்ந்தது. அவள் கை ஒரு கணம் பின்னந்தலையில் நின்றது. பிறகு மிதிபலகையில் கால் வைத்து, ஒரு பக்கமாக ஏறி, மெல்ல, நம்பாமல், முதுகைச் சாய்த்தாள்.

“கொஞ்சம் ஒசரமா வச்சிருக்கலாம்” என்றாள் மாரியாயி.

“வந்து ஒசத்துறேன்.”

அவர் ஏறுவதற்குக் காலைத் தூக்கினவர், இறக்கிவிட்டார். கையில் இன்னும் அந்த மழைக்கோட்டு. கூடி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருத்தர் குடைக்குள், ஒருத்தி உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இன்னொருவர் கூரைக்குக் கீழே. நடுவில் ஒருத்தன் மட்டும், விடிகாலை மழை முழுவதையும் வாங்கினவன் மாதிரி, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றான். உதடு நீலம் பாரித்திருந்தது.

“இங்க வா.”

“என்ன மாமா? நான் சும்மா வேடிக்கை பாக்க...”

நல்லையா மழைக்கோட்டை இரண்டு கையாலும் பிடித்துப் படாரென்று ஒரு உதறு உதறினார். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் துணி போர்த்துகிற அதே வீச்சில் அதை அவன் தோளைச் சுற்றிப் போர்த்தி, கழுத்தடியில் இழுத்து, பிடரியில் ஒரு விரலால் சொருகினார்.

“தலைய ஆட்டாத” என்றார்.