ஒழுகாத ஜாடி

இலையுதிர்கால மழை தொடங்கியதும் என் பால்கனித் தக்காளிச் செடி மஞ்சளாகிவிட்டது. இந்த நாட்டுக் குளிர்தான் கொன்றுவிட்டது என்று தொட்டியைச் சாய்த்தேன். அழுகிய தண்ணீர் நாறியது.

நான் சிறுமியாக இருந்தபோது, விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில், ஜாடிகளில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பது அம்மாவின் வேலை. வாய் கோணிய ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து தக்காளி நட்டாள். ஐப்பசி மழையில் அதுவும் இப்படித்தான் மஞ்சளானது. முதல் காயை நான் திருட்டுத்தனமாகப் பறித்ததால்தான் என்று பயந்து, சோறு இறங்காமல் கிடந்து, கடைசியில் அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா ஜாடியைச் சாய்த்தாள். இதே நாற்றம்.

"ஒழுகாத ஜாடியாப் பாத்து எடுத்தாந்துட்டேன் பாரு, தண்ணி போக வழியே இல்ல! ஒம்மேல தப்பே இல்லடி."

அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

என் தொட்டியின் அடியிலும் ஓட்டையே இல்லை. வேர் இன்னும் அழுகாமல் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆணி ஒன்றைத் தேடி எடுத்தேன்.