லண்டனுக்கு நான் கொடுத்த அரசன்

லண்டன் என்ற பெயருக்கு என்ன பொருள்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மகள் ஜேர்மனியில், டோர்ட்மண்டில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். உறவினர் வாழும் வெளிநாட்டு நகரம் ஒன்றுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வகுப்பில் பேச வேண்டியிருந்தது. என் அண்ணா லண்டனில் இருப்பதால் லண்டனை எடுத்தாள். கிம்னாசியம் என்ற மேல்நிலைப் பள்ளிக்கு ஆசிரியை பரிந்துரை எழுதும் காலம் நெருங்கியிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்துவந்தோம். ரோமர் அந்த ஊரை லொண்டினியம் என்றார்கள். பெயர் அவர்களுக்கும் முந்தியதாக இருக்கலாம். அகன்ற ஆற்றைக் குறித்த பழஞ்சொல் என்கிறார் ஒருவர். வெள்ளம் ஏறும் நிலம் என்கிறார் இன்னொருவர். மகள் வகுப்பில் பார்த்துப் பேசுவதற்கான அட்டையில், "நிச்சயமாக யாருக்கும் தெரியாது" என்று எழுதினாள்.

அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இருபது வருசமா இஞ்ச இருக்கிறன், ஒருத்தரும் என்னட்டை இதைக் கேக்கேல்லை. பிள்ளை சரியாத்தானே எழுதியிருக்கிறாள், விடு."

"தெரியாதெண்டு எழுதினா புள்ளி போடுவினமோ?"

"நீ இன்னும் சோதினை எழுதிக்கொண்டுதான் இருக்கிறாய் போல."

நான் விடவில்லை. லுட் என்ற அரசனிடமிருந்து வந்த பெயர் என்றொரு பழங்கதையும் புத்தகத்தில் இருந்தது. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை என்று அடுத்த வரியிலேயே இருந்தது. ஆனால் கதைக்கு முதலும் முடிவும் இருந்தன. மகளின் வரியை அழித்து அரசனை எழுதச் சொன்னேன்.

"இது உண்மையோ அம்மா?"

"ஓம், எழுதுங்கோ."

அவள் பேசி முடித்ததும் ஆசிரியை, இதை எங்கே எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். புத்தகத்திலிருந்து தானே தெரிவுசெய்ததாக மகள் சொல்லியிருக்கிறாள். கதையையும் ஆதாரத்தையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்ற குறிப்போடு மூன்று கிடைத்தது. இங்கே ஒன்றுதான் உயர்ந்த புள்ளி.

"அம்மாதான் எழுதச் சொன்னவ எண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்க அழுவீங்க எண்டுதான்."

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். நான் அழவில்லை.

நான்தான் மாற்றச் சொன்னேன் என்று ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து தடவை திருத்தியும் அனுப்பவில்லை. அனுப்பினால், மற்ற வீட்டுப்பாடங்களும் என் வேலைதான் என்று அவர் நினைக்கலாம். மகள் பொய் சொன்னதும் தெரியவரும். அனுப்பாவிட்டால் என் பிழை அவள் பெயரிலேயே பரிந்துரைக்குப் போகும். இங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் சொல்லுங்கள், நான் இதை அனுப்பலாமா? அதற்கு முன் மகளிடம் கேட்க வேண்டுமா?