சூளையில் எண்பது என்று போட்டேன்

மின்சூளை வைத்திருப்பவர்களின் தொழில், மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே நடப்பதை எண்களாக வாசிப்பது. சக்கரத்தில் இருக்கும்வரை மண்ணைக் கையால் தொட்டுத் திருத்தலாம். சூளைக்குள் போன பிறகு, முகப்பில் உள்ள சிறு பெட்டியில் நாம் அழுத்தும் எண்களைத்தான் அது கேட்கும்: எவ்வளவு வேகத்தில் சூடேற வேண்டும், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். இந்த எண்களைத் தவறாகப் போட்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். ஓசூரில், என் வீட்டின் பின்புறம், ஞாயிறுதோறும் மட்பாண்ட வகுப்பு நடத்தும் எனக்கு அது ஒரு கைகழுவும் பேசின் வழியாக வந்தது.

கோப்பைக்கான கணக்கு

மஞ்சுளா, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொருத்தும் பிரிவில் வேலை செய்பவர். பாகலூர் சாலையில் கட்டிவந்த புது வீட்டுக்குத் தன் கையாலேயே ஒரு பேசின் செய்துவிடுவதாகத் தன் லைனில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். பதினாறு அங்குல அகலம். அடிப்பகுதி கட்டைவிரல் கனம். நான் செய்த தவறு, கோப்பைகளுக்கென்று சூளையில் ஏற்கெனவே பதிந்திருந்த கணக்கிலேயே அதையும் சுட்டது. கனமான அடிப்பகுதியில் தங்கியிருந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல், பேசின் வெடித்தது. கூட இருந்த, மற்ற மாணவர்களின் பதினோரு கோப்பைகளையும் உடைத்தது.

மறுநாள் கதவைத் திறந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். மஞ்சுளா அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேசின் போனாப் போகுது அக்கா. அந்தப் பதினோரு கப்பு யாரு யாருதுன்னு மட்டும் சொல்லுங்க, நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

புதிய பெட்டி

இரண்டாவது பேசினைச் செய்து, மூன்று வாரம் நிழலில் உலர்த்தினோம். அதற்குள் புதுமனை புகுவிழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. இதுவும் உடைந்தால் மூன்றாவது ஒன்றைச் செய்து உலர்த்த நாள் இல்லை. ஆகவே இந்தப் பேசினுக்கென்றே நிதானமான ஒரு கணக்கை நோட்டில் எழுதினேன்: மணிக்கு அறுபது டிகிரி வீதம் நூற்றிருபது வரை, அங்கே மூன்று மணி நேரம் நிற்றல், பிறகு மணிக்கு எண்பது வீதம் அறுநூறு வரை, அதன்பின் ஆயிரம்.

அந்த வாரம் பெய்த இடிமழையில் சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகிப்போயிற்று. மஞ்சுளாவின் கணவர் சம்பத், தொழிற்பேட்டையில் கியர்களைச் சூடேற்றிக் கடினப்படுத்தும் உலையில் பணிபுரிபவர். தன் வார விடுப்பில் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து, இரண்டு மணி நேரத்தில் பொருத்திவிட்டு, என் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "எங்க கியரு எண்ணூறு டிகிரியில இருந்து நேரா எண்ணெயில குதிக்கும் மேடம். நீங்க என்னடான்னா மண்ணுக்குத் தாலாட்டு எழுதி வெச்சிருக்கீங்க. எங்க ஃபர்னஸ்லயும் இதே பெட்டிதான், கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

பதினைந்தாவது நிமிடம்

கண்ணைத் திறந்துகொண்டே ஓட்டினேன். காலை ஐந்தரைக்கு என் நோட்டில் உள்ள எண்களை வரிசையாக அழுத்தினேன். நூற்றிருபதை அரை மணி முன்னதாகவே எட்டியது. புதுப் பெட்டியின் சுறுசுறுப்பு என்று எண்ணிக்கொண்டேன். மூன்று மணி நேர நிற்றல் முடிந்து, ஒன்பதரைக்கு அடுத்த ஏற்றம் தொடங்கியது. பதினைந்து நிமிடத்தில் நூற்று நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றுப் பத்து என்று காட்டியது.

உடனே அந்த வெப்பத்திலேயே நிற்கும்படி பொத்தானை அழுத்தினேன். அன்று இரண்டாம் ஷிஃப்டு என்பதால் காலையிலேயே பார்க்க வந்திருந்த மஞ்சுளா, தன் கணவருக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். உலைப் பிரிவில் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. அது லாக்கரில் அடித்து ஓய்ந்தது. பத்தேகாலுக்குத் தேநீர் இடைவேளையில் சம்பத் திரும்ப அழைத்தார். மணிக்கு எண்பது டிகிரி என்ற பொருளில்தான் எண்பது போட்டேன் என்றேன். "இதுல வேகம் போடக் கூடாது மேடம், எவ்வளவு நேரத்துல போய்ச் சேரணும்னு நிமிஷம் போடணும். எண்பதுன்னா எண்பது நிமிஷத்துல அறுநூறுக்குப் போய்டும்."

ஆறு மணி நேரப் பயணத்தை எண்பது நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளையாக ஈரம் முழுவதும் மூன்று மணி நேர நிற்றலிலேயே போயிருந்தது. இருநூற்றுப் பத்திலிருந்து அறுநூறுக்கு, என் வேகத்தில் எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு, இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று திருத்தினேன். அதற்குள் மஞ்சுளா என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கியிருந்தார்: "கியரு, எண்ணெய்னு அவ்வளவு பேசுனீங்களே, அது நிமிஷம்னு ஒரு வார்த்த வாயில வந்துச்சா உங்களுக்கு?"

வாசலில் இருந்தவர்

முதல் சூட்டில் பேசின் தப்பியது. பளபளப்புப் பூச்சைப் பூசி, இரண்டாம் சூட்டில் ஆயிரத்து இருநூற்று இருபது வரை ஏற்றினேன். எல்லாம் நிமிடக் கணக்கில், மூன்று முறை சரிபார்த்து. ஆனால் பெரிய பாத்திரம் ஆறும்போதும் விரிசல் விடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. விழாவுக்கு முதல் நாள் காலை ஒன்பது மணிக்குச் சூளையில் இன்னும் இருநூற்று நாற்பது டிகிரி. அந்த நேரத்தில், பேசினை வாங்கிப் போய்ப் பொருத்துவதற்காக பிளம்பர் நாகராஜ் வந்து நின்றார். அஞ்செட்டிப் பக்கத்துக்காரர்; முடிந்ததா என்பதை, "ஆயித்தா அக்கா?" என்று கன்னடத்தில்தான் கேட்பார். நூறுக்குக் கீழே இறங்காமல் திறக்க மாட்டேன் என்றேன். இருநூற்றுப் பத்தில் ஒரு முறை கேட்டார். நூற்று எண்பதில் ஒரு முறை. பிறகு கேட்பதை விட்டுவிட்டு, சூளைக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிற்பகல் இரண்டரைக்குத் திறந்தேன். விரிசல் இல்லை. விரலால் தட்டினேன், மணிபோல் ஒலித்தது. இன்னும் ஒரு பயம் பாக்கி. சுடும்போது மண் சுருங்கும் என்பதால், தண்ணீர் இறங்கும் துளையை உத்தேசமாகப் பெரிதாக வெட்டியிருந்தேன். நாகராஜ் பையிலிருந்து, வடிகுழாயை மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கை எடுத்துத் துளையில் நுழைத்து, ஒரு திருகு திருகினார். சரியாக உட்கார்ந்தது. பேசினைச் சாக்கில் சுற்றியபடியே சொன்னார்: "எம் பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் இவ்வளவு நேரம் உக்காந்ததில்ல அக்கா."

கைகழுவ வந்தவர்கள்

விழாவன்று பந்தியிலிருந்து எழுந்தவர்கள் பேசினுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். மஞ்சுளாவின் லைனில் இருந்து வந்த பெண்களில் ஒருவர் இரண்டு முறை கைகழுவியதை நானே பார்த்தேன். சற்றுத் தள்ளி, சம்பத் தன் நண்பர்களுக்கு நடுவே நின்று, அந்தச் சூளைக்குத் தான் எழுதிக்கொடுத்த நுட்பமான கணக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நான் மஞ்சுளாவைப் பார்த்தேன். அவர் என் இலையில் இன்னொரு ஒப்பட்டுப் போளியை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சொல்லிட்டுப் போகட்டும் அக்கா, இன்னிக்குப் பேசின் முழுசா இருக்குது, நான் எதுக்குச் சண்ட போடணும்?"

இப்போது அந்தப் பெட்டியின் மேல் 'நிமிடம்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். புதிதாக வகுப்புக்கு வருபவர்கள் அதை வாழ்க்கை பற்றிய ஏதோ தத்துவம் என்று எண்ணி மரியாதையோடு தலையசைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.