குள்ளியின் விசுவாசம்

"குள்ளி என் பேச்சத் தவிர எவன் பேச்சயும் கேக்காதுவே. வேற ஆளு ஏறி உக்காந்தா கையத் தூக்கவே தூக்காது. அம்புட்டு விசுவாசம்."

இந்தப் பிரகடனம் தாராவியில் இசக்கிராஜின் டீக்கடை வாசலில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் மேலப்பாளையத்து உதுமான், எதிரே ஹைட்ராலிக் பட்டறை வைத்திருப்பவர். குள்ளி என்பது அவருடைய பழைய ஸ்கிட் ஸ்டீர் லோடர். நாலு சக்கரத்தின் மேல் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு சீட், முன்னால் இரண்டு இரும்புக் கைகள், கைநுனியில் மண்ணள்ளும் பக்கெட். லாரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற சந்துக்குள் தைரியமாக நுழையும். உல்லாஸ்நகர் பழைய இரும்புக்கடையில் பிணமாகக் கிடந்ததை உதுமான் வாங்கிவந்து உயிர் கொடுத்தார்.

பிரகடனம் பொய்யும் அல்ல. பட்டறை வட்டாரத்தில் பலர் ஏறிப் பார்த்தார்கள். இன்ஜின் ஓடும், கை எழும்பாது. உதுமான் ஏறினால் எழும்பும். அன்றைய உதுமான் ஏறினால் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து சலாம் போடும், அப்படிப்பட்ட சரீரம்.

பிறகு சர்க்கரை வந்தது. மனைவி மெஹராஜ் அவருடைய வயிற்றின் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். காலையில் கேப்பைக் கஞ்சி, மாலையில் சயான் வரை நடை. அவருக்கென்று இருந்த பிரியாணி, வாரிசு முறைப்படி மெஹராஜின் தம்பி தாஹிருக்குப் போனது. தாஹிர் பட்டறையில் உதுமானுக்கு வலது கை. ஒரு வருடத்தில் உதுமானின் பேன்ட் பெல்ட்டை நம்பி வாழ ஆரம்பித்தது. தாஹிரின் சட்டைப் பொத்தான்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராயின.

துரோகம் முதலில் தலைகாட்டியது சுனாபட்டியில், நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயின் கரையில், தூர் வாரும் வேலையில். உதுமான் ஏறி லீவரை இழுத்தார். இன்ஜின் உறுமியது, கைகள் அசையவில்லை. காண்ட்ராக்டர் திருவேங்கடம் பான் துப்பிவிட்டு, "என்ன பாய், வண்டியும் டயட்டா?" என்று கேட்டார். கடைசியில் வண்டியை ஓரங்கட்ட தாஹிர் ஏறினான். அவன் லீவரைத் தொட்ட மாத்திரத்தில் குள்ளி, துஆ கேட்பதுபோல் இரண்டு கைகளையும் உயர்த்தியது.

உதுமான் அன்றிரவு கஞ்சியைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் வைத்தியம் தொடங்கியது. எண்ணெய் அளவு பார்த்தார், சரி. நுரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. ஃபில்டரை மாற்றினார். ஹோஸ்களை விரலால் தடவிக் கசிவு தேடினார். ரிலீஃப் வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டினார். எல்லாம் ஆரோக்கியம். மிஞ்சியது பிரஷர் கேஜ். அது இரண்டு ஆள் வேலை: ஒருவர் மேலே லீவரை இழுக்க, ஒருவர் கீழே முள்ளைப் பார்க்க வேண்டும். தாஹிர் இழுத்தான், முள் துள்ளி ஏறியது. உதுமான் ஏறி இழுத்தார், முள் தூங்கியது. மாற்றி மாற்றி ஏறினார்கள். குள்ளி தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

இறங்கிவந்து உதுமான் தீர்ப்புச் சொன்னார். "உள்ள என்னமோ பண்ணி வச்சிருக்க, மாப்ள. உனக்கு மட்டும் தூக்குத மாதிரி."

"நான் என்ன மச்சான், அது காதுல ஓதிட்டா வந்தேன்?"

"வண்டியப் பிடிச்சாச்சு. அடுத்தது பட்டறையா?"

தாஹிர் பழந்துணியில் கையைத் துடைத்தான், ஸ்பானரை அதற்குரிய ஆணியில் மாட்டினான், போய்விட்டான். உல்லாஸ்நகரில் ஒரு பட்டறையில் திங்கட்கிழமை சேரப்போகிறான் என்ற செய்தி மெஹராஜ் வழியாக வந்தது. அவர் சண்டை போடவில்லை. கஞ்சியை முன்னால் வைத்து, "எந்தம்பி உங்க சோத்தத்தான் தின்னான். வண்டியத் திங்கல" என்று மட்டும் சொன்னார்.

வண்டி போனது, வலது கையும் போகிறது. உதுமானின் கணக்கில் துரோகிகள் பெருகிக்கொண்டே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பட்டறை பூட்டியிருந்தது, சாவி வீட்டில். டீக்கடையும் மூடியிருந்தது. கைக்கெட்டிய ஒரே கூரை குள்ளியின் கூண்டு. எதிரியின் வீட்டில் ஒதுங்குகிறவரைப் போல ஏறி, மூட்டை நனையாமல் மடியில் வைத்து உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில், வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருப்பி லீவரை இழுத்தார்.

கைகள் எழுந்தன.

குள்ளி மன்னிப்புக் கேட்கிறது என்றே நினைத்தார். கண் கலங்கியது. அதைத் தட்டிக்கொடுப்பதற்காக மூட்டையைக் காலடியில் இறக்கினார். கைகள் பாதியில் நின்றன. மூட்டையை மடியில் ஏற்றினார், எழுந்தன. இறக்கினார், நின்றன.

மழை விட்டதும் வண்டியை அணைத்து, சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் ஸ்விட்ச் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. ஆள் இல்லையென்றால் கைகளுக்கு எண்ணெய் போகவிடாது. அதன் மேல் சீட்டைத் தாங்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதை அமுக்க ஒரு பழைய உதுமான் வேண்டும், அல்லது ஒரு புதிய தாஹிர். இத்தனை வருடம் குள்ளி மதித்தது எடையை. துரோகம் செய்வதற்குக்கூட அதற்கு அவர் யாரென்று தெரிந்திருக்கவில்லை.

நனைந்த சட்டையோடு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை காலை புது ஸ்பிரிங் மாட்டிவிட்டு தாஹிருக்குப் போன் செய்தார். கேஜ் பார்க்க ஆள் இல்லை என்றார், அவ்வளவுதான். உல்லாஸ்நகர் போகிற வழியில், பை தோளில் தொங்க, தாஹிர் வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. உதுமான் கேஜையும், சீட்டுக்கு அடியிலிருந்து கழற்றிய துருப்பிடித்த ஸ்பிரிங்கையும் அவன் கையில் கொடுத்தார். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பினார். தாராவியிலேயே ஒல்லியான ஆள் யாரென்று கேட்டால் இசக்கிராஜைத்தான் காட்டுவார்கள்.

"இசக்கி, இதுல ஏறி உக்காரும்."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, பாய்."

"ஓட்ட வேண்டாம்வே. அந்த லீவர இழுத்தாப் போதும்."

பிரகடனத்தைக் கேட்ட அதே ஆட்கள் கையில் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜ் இழுத்தார். குள்ளி எந்தத் தயக்கமும் இல்லாமல் கைகளைத் தூக்கியது. தாஹிர் கேஜைப் பார்த்தான், கையிலிருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தான், சீட்டில் இருந்த ஒல்லி உருவத்தைப் பார்த்தான், பிறகு தன் சட்டைப் பொத்தான்களைக் குனிந்து பார்த்தான். பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான்.

உதுமான் யார் முகத்தையும் பார்க்காமல், சர்க்கரை போடாத டீயை ஊதிக்கொண்டிருந்தார்.