மச்சினன் ஊர் பஸ்

எங்கள் அலுவலகத்தில் நான் புகார்ப் பிரிவு. பஸ் வரவில்லை, வந்தும் நிற்கவில்லை, நின்றும் ஏற்றவில்லை என்று ஊரில் யாருக்குக் கோபம் வந்தாலும் அது முதலில் என் காதில்தான் வந்து விழும். எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவர் அட்டவணைக்காரர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே போய்த் திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பவர். அவர் செய்கிற வேலைக்கு நான் திட்டு வாங்குவேன். இத்தனை வருடமாக எங்கள் சிநேகம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மனிதர் கெட்டவர் இல்லை. விடுமுறை நாளில்கூட ஏதாவது ஒரு நிறுத்தத்தில் போய் நின்று, எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் வெறுத்துப்போய் நடையைக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய பலகை. மேலிருந்து கீழே நிறுத்தங்கள், இடமிருந்து வலமாக மணி. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கலர் நூல், நுனியில் குண்டூசி. கம்ப்யூட்டர் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால்தான் அவருக்கு பஸ் ஓடுகிற மாதிரி இருக்கும். பலகையின் அடியில் கடைசி வரி எல்லை நிறுத்தம். எங்கள் ஊர் பஸ் அங்கே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அதற்கு மேல் போகிறவர்கள் பக்கத்து ஊர் பஸ்ஸுக்கு மாற வேண்டும். பலகையில் அந்த வரிக்குக் கீழே வெறும் சுவர்தான்.

அந்தப் பக்கத்து ஊரின் அட்டவணைக்காரர் இவருடைய மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வினையே அங்கேதான்.

இவருக்கு மச்சினன் மேல் பொறாமை. இதற்கு வேறு நாகரிகமான பெயரெல்லாம் தேட வேண்டாம், நல்ல சுத்தமான பொறாமை. மச்சினன் ஊரில் புது பஸ் வாங்கினால் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அங்கே போனால் ஒவ்வொரு நிழற்குடையையும் அண்ணாந்து பார்ப்பார். கூரையில் ஒரு ஓட்டை கண்ணில் பட்டுவிட்டால் போதும், ஒரு வாரத்துக்கு எங்களுக்கெல்லாம் அவர் செலவில் டீ. போதாக்குறைக்கு வீட்டில் மனைவி வேறு, "தம்பி ஊர்ல பஸ் எவ்ளோ சுத்தமா இருக்கு தெரியுமா?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துவிடுவாராம்.

சுற்றுவட்டாரத்து ஐந்து ஊர்களின் அட்டவணைக்காரர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஊரில் கூடுவார்கள். பகிர்வுக் கூட்டம் என்று பெயர். ஒவ்வொருவரும் தன் ஊரில் பலித்த யோசனை ஒன்றையும், பலிக்காத யோசனை ஒன்றையும் சொல்ல வேண்டும் என்பது விதி. பலிக்காததை எவர் சொல்வார்? "எங்க பஸ்ல ஏறுற கூட்டத்தை எங்களால சமாளிக்கவே முடியல, அதுதான் எங்க தோல்வி" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு ஊரின் யோசனையை எடுத்துக்கொண்டால், உங்கள் அட்டவணையின் தலைப்பில் ‘யோசனை தந்த ஊர்’ என்று அந்த ஊரின் பெயரைப் போட வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் மச்சினன் ஊர்ப் பெயரைத் தன் கையால் எழுதுவதைவிட இவர் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

போன முறை கூட்டம் மச்சினன் ஊரில் நடந்தது. குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். மச்சினன் எழுந்து, "எங்க பஸ் இப்போ அரை மணிக்கு ஒண்ணு. ஏழு அம்பத்தஞ்சுக்கு இருந்தா எட்டு இருபத்தஞ்சுக்கு இருக்கும், எட்டு அம்பத்தஞ்சுக்கும் இருக்கும். ஜனங்க நோட்டீஸ் பலகையப் பாக்கறதையே விட்டுட்டாங்க" என்றார். அறையே கை தட்டியது. இவரும் தட்டினார், ஆனால் இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று தொட்டதாக எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது வழியெல்லாம் புலம்பல். "இதை நான் எப்பவோ சொன்னேன்க்கா. நம்ம மேனேஜர் கேட்டாரா?"

அதுவும் உண்மைதான். டிரைவர்களின் டீ நேரம் கெட்டுவிடும் என்று மேனேஜர் அன்றைக்கு அவர் எழுதிக் கொடுத்த தாளை ஓரம் கட்டிவிட்டார். தான் பெற்று, மேனேஜர் கிடப்பில் போட்ட பிள்ளை அடுத்த வீட்டில் வளர்ந்து ஆளாகி நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அட்டவணைக்காரரின் மனைவி மச்சினன் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். தினமும் காலையில் எங்கள் பஸ் அவரை எட்டு மணிக்கு எல்லை நிறுத்தத்தில் இறக்கிவிடும். தம்பி ஊர் பஸ் அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போயிருக்கும். அதன் பின்பக்கம் வளைவில் மறைவதைப் பார்த்துவிட்டு, அடுத்ததற்கு இருபத்தைந்து நிமிடம் நிற்க வேண்டும். இதை அவர் என் புகார் நம்பருக்குத்தான் சொல்வார்.

"என்னம்மா, வீட்லயே சொல்லக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறேன்.

"வீட்ல சொன்னா அவர் காதுல ஏறாது அக்கா. ஆபீஸ் வழியா வரட்டும். எழுதிக்குங்க."

எழுதி எதிர் மேசையில் வைப்பேன். அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிவார்.

ஒரு நாள் மனிதர் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் குவார்ட்டர்ஸ் தருகிறார்களாம். வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வெயிலிலும் மழையிலும் நின்று கால் வீங்கிப்போன அந்த அம்மா, போய்விடலாம் என்கிறாராம். மகளுக்குப் பள்ளிக்கூடம்கூட மச்சினன் விசாரித்து வைத்துவிட்டாராம்.

"என் வீட்டையே பேத்து எடுத்துட்டுப் போறான்க்கா. அவன் ஊர்ல நான் குடியிருக்கணும். அவன் பஸ்ல நான் ஏறணும்."

"ஒரு போன் போடுங்க. மாப்ளே, உன் பஸ்ஸைக் கொஞ்சம் நகர்த்துன்னு சொன்னா முடிஞ்சு போச்சு."

"நான் போய் அவன்கிட்ட கேக்கறதா? கேட்டா அடுத்த கூட்டத்துல நாலு ஊர் முன்னாடி அதையே பெருமையா சொல்லிக்குவான்."

பிறகு பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்று முழுவதும் நூலும் குண்டூசியும்தான். சாயங்காலம் பார்த்தால் முகத்தில் ஒரு தெளிவு. எங்கள் காலை பஸ்ஸைக் கால்மணி நேரம் தள்ளிவிட்டார். எட்டேகாலுக்கு எல்லை நிறுத்தம் போய்ச் சேரும். மச்சினனின் எட்டு இருபத்தைந்து பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் கையில் இருக்கும், வழியில் கொஞ்சம் தாமதமானாலும் தவறாது. மச்சினனை ஒரு வார்த்தை கேட்காமல், மச்சினன் பஸ்ஸிலேயே மனைவியை ஏற்றிவிடுகிற வழி. திங்கட்கிழமையிலிருந்து அமல். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் கூட்டம். அங்கே எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்பதற்காக மேனேஜரையும் என்னையும் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

மனைவியிடம் மட்டும், "திங்கக்கிழமை நிதானமா கிளம்பு. இறங்கினதும் அடுத்த பஸ் வந்துரும். அதுல ஏறிப் பாத்துட்டு அப்புறம் குவார்ட்டர்ஸுக்குப் பதில் சொல்லு" என்றாராம். அந்த அம்மாவும், "அப்படி மட்டும் நடந்தா இங்கேயே இருந்துடலாம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம். என் மேசையில் போன். அவருடைய மனைவிதான்.

"எழுதிக்குங்க அக்கா. இன்னிக்கும் அதே பின்பக்கம்தான். கால்மணி லேட்டா வந்து பாத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டவணைக்காரரிடம் ஓடினேன். அவர் டீ டம்ளர்களை எண்ணிக்கொண்டே, "அப்புறம்க்கா, அப்புறம்" என்று கையை ஆட்டினார். அதற்குள் நாலு ஊர்க்காரர்களும் வந்து இறங்கினார்கள். எல்லாரும் காரில்தான். பஸ் விடுகிறவர்கள் பஸ்ஸில் வந்து நான் பார்த்ததில்லை.

கூட்டம் எங்கள் ஊரில் என்பதால் முதல் பேச்சு இவருக்கு. எழுந்து தொண்டையைக் கனைத்தார். "எல்லை நிறுத்தத்துல மாறுற ஜனங்களுக்காக எங்க காலை பஸ்ஸை இன்னியிலேருந்து கால்மணி தள்ளியிருக்கோம். இது முழுக்க முழுக்க எங்க ஊர் யோசனை" என்றார். சொல்லும்போது பார்வை மச்சினன் மேலேயே இருந்தது.

மச்சினன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அத்தான், அக்கா இறங்குற பஸ்ஸா?"

"அதேதான்."

"நானும் இன்னியிலேருந்து எங்க லைனையே கால்மணி தள்ளிட்டேன் அத்தான். அக்கா எட்டுக்கு இறங்குறாங்க, எட்டு பத்துக்குப் பஸ் இருக்கட்டும்னு. உங்க யாருக்கும் சொல்லல. இங்க வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

கடைசி வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார், அதோடு எல்லாரும். இரண்டு பேரும் கால்மணி தள்ளியதில் நடுவில் இருந்த அந்த ஐந்து நிமிடம் அப்படியே பத்திரமாக இருந்தது. எட்டு பத்துக்கு அது போய்விட்டது, எட்டேகாலுக்கு இது வந்து நின்றது. மச்சினன் அறையிலும் சுவரில் இதே மாதிரி ஒரு பலகை உண்டு, அதில் மேல் வரி எல்லை நிறுத்தம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மேனேஜர், "யாராவது ஒருத்தர் பழையபடி மாத்துங்க. யாருன்னு நீங்களே பேசிக்குங்க. சொந்தக்காரங்கதானே" என்று கை கழுவிவிட்டார்.

தாழ்வாரத்தில் டீயும் கையுமாக இருவரும் நின்றதைப் பார்த்தேன்.

"நீ மாத்து மாப்ளே. நான்தான் முதல்ல அறிவிச்சேன்."

"உங்களுக்கு ஒரு பஸ்தான் அத்தான். எனக்கு நாள் முழுக்க மாத்தணும். நீங்க மாத்துங்க."

விட்டுக்கொடுத்தவர் அட்டவணையில் மற்றவர் ஊர்ப் பெயர் ஏறும். இருவருக்கும் அது தெரியும். ‘பாக்கலாம்’ என்று சொல்லிப் பிரிந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி சண்டை போடவில்லையாம். "ஒரு நாள் டைம் கேட்டிருக்கேன். நாளைக்குக் கையெழுத்துப் போடணும்" என்று மட்டும் சொன்னாராம். அதில் இவர் ஆடிப்போய்விட்டார். உடனே டிப்போவுக்குச் சொல்லி எங்கள் பஸ்ஸைப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்தார். மச்சினனிடம் சொல்லவில்லை. சொன்னால் தோற்றதாகிவிடுமே!

மச்சினனும் அன்று சாயங்காலமே தன் லைனைப் பழைய நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அக்காவுக்காக. அவரும் இவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பஸ் எல்லை நிறுத்தத்தில் போய் நின்றது. அந்த பஸ் ஐந்து நிமிடம் முன்னால் போயிருந்தது.

அன்றைக்கு எனக்குப் போன் வரவில்லை. அந்த அம்மா நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அவனும் மாத்துவான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று வீட்டில் இவர் கத்தியிருக்கிறார்.

"கேட்டாத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் யார் பெரியவர்னு பாக்கறதுக்கு நான் எதுக்கு வெயில்ல நிக்கணும்?"

"உன் தம்பியையும் இப்படிக் கேட்டியா?"

"கேட்டேன். அவன் மன்னிப்புக் கேட்டான்" என்றாராம் அந்த அம்மா. அதையும் அட்டவணைக்காரர் என்னிடம் ஒரு குறையாகத்தான் சொன்னார். "பாருங்கக்கா, மன்னிப்புலயும் முந்திக்கிட்டான்."

சாமான் ஏற்ற வண்டி பிடித்துக் கொடுத்தது மச்சினன். கட்டிலைப் பிரித்துத் தூக்கியது மச்சினன். மகள் தன் மீன் தொட்டியை மாமாவின் மடியில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அட்டவணைக்காரர் அதைப் பார்க்காத மாதிரி, ஏற்கெனவே பூட்டியிருந்த கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அவர் தாமதமாக வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

"மாப்ளே ஊர் பஸ் லேட்டு" என்றார், யாரும் கேட்காமலே. "என்னத்த அரை மணிக்கு ஒண்ணு! பேச்சுதான்."

மேனேஜர் தலையாட்டினார். டைப்பிஸ்ட் உச்சுக்கொட்டினாள். எல்லை நிறுத்தத்திலிருந்து நம் பஸ் நேரத்துக்கு முன்பே ஆளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது என்று அன்று காலையில் இரண்டு பேர் என்னிடம் கத்தியிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

டீ நேரத்தில் அவரே என் மேசைக்கு வந்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"அவன் பஸ் லேட் இல்லக்கா."

"தெரியும்."

"ஒரு அஞ்சு நிமிஷமாவது லேட்டா வரணும்னு வேண்டிக்கிட்டு ஸ்டாப்ல நின்னேன். டாண்ணு வந்து நின்னுச்சு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, கோபத்தில்தான்.

"உக்கார எடம் வேற இருந்துச்சுக்கா" என்றார்.