தீவில் இறக்கிவிடப்பட்ட சமையல்காரி

கடலை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் கடல்கொள்ளையர்களாகத் திரிந்த கூத்து, நல்லூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் நடந்தது. மத்தியானம் கரண்ட் போனால் மிஷின் ஓடாது. கட்டிங் டேபிளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். ஆளுக்கொரு வேஷம். நான் கதை சொல்வேன். அந்தக் கதைக்குள் தாம் என்ன செய்கிறோம் என்பதை அவரவர் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் தாயக்கட்டை உருட்டித் தீர்ப்பு. காலேஜ் ஹாஸ்டலில் வேடிக்கை பார்த்த ஒரு விளையாட்டை நானே வெட்டி ஒட்டித் தைத்தது.

கப்பலின் லட்சணத்தைக் கேளுங்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கட்டிங் மாஸ்டர் கேப்டன். கடலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தமிழ் அரைகுறையாகப் புரிந்த பீகார் அயர்ன்காரர் பேசாத பூதம். செக்கிங்கில் இருந்த பெண் சமையல்காரி. அவள் எதிரிக் கப்பலைக்கூட, "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பீரங்கி வெடிக்கோணும்" என்று சொல்லிவிட்டுத்தான் சுடுவாள்.

ஒரு நாள் கப்பலில் குடிதண்ணீர் தீர்ந்தது. மாஸ்டர், சமையல்காரி இருவரில் ஒருவரைத் தீவில் இறக்கிவிட வேண்டிய கட்டம்.

"பூப் போட்டுக் கேட்டறலாமுங்க" என்றாள் அவள்.

எங்கள் பக்கம் கல்யாணம் பேசினால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே மடித்துச் சாமி முன் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் சாமியையே சந்தேகப்பட்ட மாதிரி. நாங்கள் பூவுக்குப் பதில் வேஸ்ட் துணி வைத்தோம். வெள்ளை வந்தால் தீவுக்கு மாஸ்டர், சிவப்பு வந்தால் அவள். மாஸ்டர் மடித்தார். அவள் எடுத்தாள். சிவப்பு. "சரீங்க" என்று தீவில் இறங்கிவிட்டாள்.

கரண்ட் வந்து டேபிளைக் கூட்டும்போது இன்னொரு பொட்டலம் அவள் கையில் அவிழ்ந்தது. அதுவும் சிவப்பு!

"பூப் போட்டுட்டு இப்படிப் பண்ணலாமுங்களா?" அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"கொள்ளைக்காரன் பின்ன எப்படி இருப்பான் தாயி?" என்றார் மாஸ்டர். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே அவளுக்கு நிஜமாகப் பூக் கேட்டார்கள். மாப்பிள்ளை தாய்மாமன் மகன். முதல் மனைவியை அடித்து விரட்டிய புண்ணியவான். அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும், "சாமி வெள்ளை குடுத்தாக் கட்டிக்கறேனுங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தாள், மடச்சி. துணைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

அவிநாசிப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயில். குழந்தை ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை. மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாமி, அந்த இன்னொன்னையும் பிரிங்க" என்று பூசாரியிடம் சொன்னாள் அவள்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. எதிரியைக்கூடத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சுடுகிறவள்! பூசாரி அசையவில்லை. அவளே குனிந்து எடுத்துப் பிரித்தாள். அதுவும் வெள்ளை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி மனுஷா என்று மாமனைப் பார்த்தால், அவர் என்னைவிட அதிகமாக விழித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. பூ மடிச்சது என்ற தங்கச்சிதானுங்க" என்றார்.

அவர் தங்கச்சி என்றால் இவளுடைய அம்மா. அந்த அம்மா தலையே நிமிரவில்லை. ஐயோ, பெற்றவளா! வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"மாமா, சாமிகிட்ட இன்னும் யாருமே கேக்கலீங்க" என்றாள் அவள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

அவள் வாசலைத் தாண்டிய பிறகுதான் அம்மாவுக்கு வாய் வந்தது. "இனி என்ற ஊட்டுப் படி மிதிக்காதே!"

நான் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, என்னைய எறக்கிவிட்டீங்கல்ல, அந்தத் தீவுல குடிக்கத் தண்ணி இருக்குமுங்களா?"

"இருக்கும் கண்ணு" என்றேன். கண்டக்டர் வந்தார். என் ரூம் இருந்த மண்ணரைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.